யூரின்ல சர்க்கரை நாலு பிளஸ், ரத்தத்துல அவ்வளவு இல்லை. எதை நம்புறது?

மேலூர்ப்_பயல்

அப்பாவுக்கு 63 வயசு. சர்க்கரை வந்து 9 வருஷம் ஆச்சு. போன ஞாயிறு ஊர்ல நடந்த முகாம்ல யூரின் பார்த்துட்டு, "சுகர் நாலு பிளஸ் இருக்கு, உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னு சொல்லிட்டாங்க. மறுநாள் வெள்ளனவே வெறும் வயித்துல ரத்தம் குடுத்தோம். ரிப்போர்ட் இது:

வெறும் வயிற்றில் 118
சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து 164
ஹெச்பிஏ1சி 7.1
கிரியாட்டினின் 1.0
யூரின்: சர்க்கரை ++++, கீட்டோன் இல்லை, புரதம் இல்லை, சீழ் அணு 4–6

ரத்தம் ஒண்ணு சொல்லுது, யூரின் ஒண்ணு சொல்லுது. பாத்ரூம்ல எறும்பு வேற மொய்க்குது, அம்மா அதைப் பார்த்தே பயந்து போச்சு. சோறு நிப்பாட்டிட்டு மூணு வேளையும் கேழ்வரகுக் கூழ்தான் குடுக்குது. பக்கத்து வீட்ல ஆவாரம்பூக் கஷாயம் வச்சுக் குடுங்க, ஒரு வாரத்துல பிளஸ் இறங்கிரும்னு சொல்றாக. எந்த ரிப்போர்ட் சரி? யூரின் சர்க்கரையை எப்படிக் குறைக்கிறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


நுண்ணோக்கி

தம்பி, இரண்டு ரிப்போர்ட்டும் சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். பதில் சொல்ல ஒரு விவரம் குறைகிறது: அப்பா சாப்பிடும் மாத்திரைகளின் பெயர். பிராண்டு பெயர் வேண்டாம். அட்டையைத் திருப்பினால் பின்பக்கம் பொடி எழுத்தில் மருந்தின் பெயரும் மி.கி. அளவும் இருக்கும், அதை அப்படியே எழுதுங்கள். சமீபத்தில் மாத்திரை மாற்றினார்களா என்பதையும் சொல்லுங்கள்.

அதுவரைக்கும் அடிப்படை. நம்ம ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். கண்மாயில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்பது ரத்தச் சர்க்கரை. கண்மாய் நிரம்பி, கலுங்குச் சுவரைத் தாண்டி உபரித் தண்ணீர் மறுகாலாக வழிகிறதே, அதுதான் யூரின் சர்க்கரை. மறுகால் போகவில்லை என்பதால் கண்மாய் வறண்டு கிடக்கிறது என்று அர்த்தமில்லை. மறுகால் போவதாலேயே கண்மாய் உடையப் போகிறது என்றும் அர்த்தமில்லை. கலுங்கு எந்த உயரத்தில் கட்டியிருக்கிறது என்று தெரிந்தால்தான் மறுகாலை வைத்து எதையும் சொல்ல முடியும்.

சிறுநீரகத்தின் கலுங்கு உயரம் பெரும்பாலோருக்கு ரத்தத்தில் டெசிலிட்டருக்குச் சுமார் 180 மி.கி. ஒரு நாளில் சிறுநீரகம் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டுகிறது. சர்க்கரை 100 இருக்கிற ஆளுக்கு அந்த நீரோடு 180 கிராம் குளுக்கோஸும் வடிந்து இறங்கும். இறங்கியதைச் சிறுநீரக நுண்குழாயின் ஆரம்பப் பகுதியிலேயே திரும்ப உறிஞ்சி ரத்தத்துக்கு அனுப்பிவிடுவதால் யூரினில் ஒன்றும் தெரிவதில்லை. இந்த வேலையில் பத்தில் ஒன்பது பங்கை எஸ்ஜிஎல்டி2 என்ற புரதம் பார்க்கிறது, மிச்சத்தை எஸ்ஜிஎல்டி1. ரத்தத்தில் 180ஐத் தாண்டினால் இவற்றால் அள்ளி முடியாது, வழிகிறது.

இன்னொன்று, யூரின் என்பது அந்த நிமிடத்துக் கணக்கு கிடையாது. கடைசியாகப் பாத்ரூம் போனதிலிருந்து இப்போது வரை சிறுநீர்ப்பையில் சேர்ந்த மொத்தம். ராத்திரி எட்டு மணிக்குப் பரோட்டா சாப்பிட்டு 240க்கு ஏறியிருந்து, விடியும்போது 120க்கு இறங்கியிருந்தாலும், காலையில் முதல் யூரினில் ராத்திரி வழிந்தது இருக்கும். வெறும் வயிற்று ரத்தத்தோடு காலை முதல் யூரினை ஒப்பிட்டுக் குழம்புகிறவர்கள் நிறைய. ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் முதலில் பையைக் காலி செய்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, அரை மணி கழித்து வருகிற இரண்டாவது யூரினை எடுங்கள். அதே நேரத்தில் ரத்தமும் எடுங்கள்.


மேலூர்ப்_பயல்

அட்டையைப் பார்த்தேண்ணே. "டாபாகிளிஃப்ளோசின் 10 மி.கி., மெட்ஃபார்மின் எக்ஸ்ஆர் 1000 மி.கி."ன்னு ஒரே மாத்திரையா இருக்கு. அஞ்சு வாரம் முன்னாடிதான் மாத்திக் குடுத்தாங்க. அதுக்கு முன்னாடி வெறும் மெட்ஃபார்மின். பிரஷருக்கு டெல்மிசார்டன் 40 தனியா சாப்பிடுறாரு.


மாத்திரைப்பட்டை

விஷயம் முடிந்தது. அந்த டாபாகிளிஃப்ளோசின்தான் நாலு பிளஸுக்குக் காரணம். யூரினில் சர்க்கரையை இறக்குவதுதான் அந்த மருந்தின் வேலையே. நுண்ணோக்கி சொன்ன எஸ்ஜிஎல்டி2 புரதத்தை அது அடைக்கிறது. கலுங்குச் சுவரையே இடித்துத் தாழ்த்திவிட்ட மாதிரி, ரத்தச் சர்க்கரை 110, 120 இருக்கும்போதே மறுகால் போகும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. சர்க்கரை நோயாளிக்கு இந்த மருந்தால் நாளொன்றுக்குச் சுமார் 70 கிராம் குளுக்கோஸ் வெளியேறும். இரண்டு லிட்டர் யூரின் போகிறவர் என்றால் டெசிலிட்டருக்கு 3500 மி.கி. யூரினில் தோய்த்து நிறம் பார்க்கும் ஸ்ட்ரிப்பின் கடைசிக் கட்டமே பொதுவாக 2000தான். அதனால் இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நாலு பிளஸ் வருவது இயல்பு. வராவிட்டால்தான் "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?" என்று கேட்கணும். எம்பாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின், ரெமோகிளிஃப்ளோசின் எல்லாம் இதே வகை. பெயர் "கிளிஃப்ளோசின்" என்று முடிந்தால் இந்தக் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்க. 2020 அக்டோபரில் டாபாகிளிஃப்ளோசினின் (சுருக்கமாக டாபா) காப்புரிமை இந்தியாவில் முடிந்ததும் விலை மடமடவென்று இறங்கியது, இப்போது தெருவுக்கு நாலு பேர் சாப்பிடுகிறார்கள். முகாமில் யூரினை மட்டும் பார்த்தால் அத்தனை பேருக்கும் நாலு பிளஸ்தான் வரும்.

(இந்த வித்தை புதிதில்லை. 1835ல் ஆப்பிள் மரத்து வேர்ப்பட்டையிலிருந்து புளோரிசின் என்று ஒரு பொருளைப் பிரித்தார்கள். அது யூரினில் சர்க்கரையை வர வைக்கிறது என்று 1886ல் ஜெர்மன் மருத்துவர் ஃபான் மேரிங் கண்டார். இன்றைய கிளிஃப்ளோசின்கள் அதன் பேரப்பிள்ளைகள்.)

அப்பாவின் 118, 164, 7.1 மூன்றும் 63 வயதுக்கு மோசமே இல்லை. வெறும் வயிற்றில் 80–130, சாப்பிட்டபின் 180க்குள், ஹெச்பிஏ1சி 7க்கு அருகில் என்பதுதான் பலருக்கும் வைக்கிற இலக்கு. ஹெச்பிஏ1சி இரண்டு மூன்று மாதத்துச் சராசரி என்பதால் புது மாத்திரையின் முழுப் பலன் இன்னும் அதில் தெரியாது. யூரின் பிளஸ்ஸைக் குறைக்க முயலவே வேண்டாம். அதற்காக மாத்திரையை நிறுத்துவதுதான் இங்கே நடக்கக்கூடிய பெரிய தப்பு.

சோற்றை ஒரேயடியாக நிறுத்தியதை மாற்றச் சொல்லுங்க. இந்த மாத்திரை சாப்பிடும்போது மாவுச்சத்தை அடியோடு வெட்டினால் உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கிக் கீட்டோன் ஏறும் அபாயம் உண்டு. மூன்று வேளைக் கூழும் நல்ல யோசனை இல்லை, கேழ்வரகு மாவாகிக் கூழானால் சர்க்கரையை வேகமாகவே ஏற்றும். ஒரு கப் சோறு, இரண்டு கப் காய், பருப்போ முட்டையோ மீனோ என்று சாப்பிடட்டும்.

இனி உண்மையில் கவனிக்க வேண்டியவை. எறும்பை விட்டுவிட்டு இதைப் பாருங்க.

சர்க்கரை கலந்த யூரின் சொட்டு தோலில் தங்கினால் பூஞ்சை வளரும். ஆணுக்கு நுனித்தோலுக்கு உள்ளே அரிப்பு, சிவப்பு, தயிர்த் திப்பி மாதிரி வெள்ளை. பெண்ணுக்கு அரிப்பும் வெள்ளைப்படுதலும். ஒவ்வொரு முறை யூரின் போனபின்பும் வெறும் தண்ணீரால் கழுவி, துணியால் ஒற்றி உலர்த்தணும். ஈரத்தோடு உள்ளாடை போடக் கூடாது. டெட்டால் போட்டுக் கழுவுகிறவர்கள் தோலைப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறார்கள், அது வேண்டாம். வந்துவிட்டால் பெரும்பாலும் குளோட்ரிமசோல் களிம்பிலேயே சரியாகும், ஆனால் டாக்டரிடம் காட்டிவிட்டுப் போடுங்க. வெட்கப்பட்டுச் சொல்லாமல் மாத்திரையை மட்டும் ரகசியமாக நிறுத்திவிடுகிற ஆம்பளைகள் அதிகம். விதைப்பை, ஆசனவாய்ப் பக்கம் வீக்கமும் கடும் வலியும் காய்ச்சலும் வந்தால் அது வேறு. அபூர்வம்தான், ஆனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சர்க்கரை வெளியே போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். சித்திரை வெயிலில் வயல் வேலை பார்க்கிறவருக்கு இது கணக்கில் வரும். எழுந்து நிற்கும்போது கிறுகிறுப்பு வந்தால் உட்கார்ந்த நிலையிலும் நின்ற நிலையிலும் பிரஷர் பாருங்க. பிரஷர் மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம், அதை டாக்டர் முடிவு செய்வார்.

வாந்தி, பேதி, காய்ச்சலில் சாப்பாடு இறங்காத நாளில் டாபாவை நிறுத்தி வைத்துவிட்டு டாக்டரிடம் சொல்லணும். டாபாவும் மெட்ஃபார்மினும் ஒரே மாத்திரையாக இருப்பதால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். அந்த நிலையில் அதுவும் நல்லதே. இன்சுலின் போடுகிறவராக இருந்தால் இன்சுலினை மட்டும் தானாக நிறுத்தக் கூடாது. பெரிய ஆபரேஷன் என்றால் 3 நாள் முன்பே டாபாவை நிறுத்தச் சொல்வார்கள். கண்புரை ஆபரேஷனுக்குப் போனாலும் மாத்திரைச் சீட்டை முதலிலேயே நீட்டுங்க, நிறுத்துவதா வேண்டாமா என்பதை அங்கே சொல்வார்கள். முழுநாள் பட்டினி விரதம் இருக்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

கடைசியாக ஒன்று, இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் குமட்டல், வயிற்று வலி, வேகவேகமான ஆழ்ந்த மூச்சு, அசதி என்று வந்தால் குளுக்கோமீட்டரில் 170 காட்டுகிறது என்று நிம்மதியாக இருக்காதீங்க. சர்க்கரை அவ்வளவு ஏறாமலேயே கீட்டோஅசிடோசிஸ், அதாவது கீட்டோன் சேர்ந்து ரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலை, வரக்கூடிய மருந்து இது. ரத்தத்தில் கீட்டோன் பார்க்கணும். யூரின் கீட்டோன் குறைவாகக் காட்டி ஏமாற்றலாம். மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்க.


பெனடிக்ட்_பிரியன்

ஸ்ட்ரிப் வந்ததிலிருந்து யாரும் ஒழுங்காக டெஸ்ட் பண்ணுவதில்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று கண்ணுக்கு முன்னால் நிறம் மாறும் பெனடிக்ட் டெஸ்டுக்கு ஈடே கிடையாது. சந்தேகம் என்றால் பழைய முறையில் காய்ச்சிப் பார்க்கச் சொல்லுங்கள்.


நுண்ணோக்கி

அண்ணே, பெனடிக்ட் மேல் எனக்கும் பிரியம் உண்டு. ஆனால் "ஈடே கிடையாது" என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன.

பெனடிக்ட் கரைசலில் இருப்பது காப்பர் சல்ஃபேட், சோடியம் கார்பனேட், சோடியம் சிட்ரேட். 5 மி.லி. கரைசலைக் குழாயில் எடுத்து முதலில் தனியாகக் கொதிக்க விட வேண்டும். நீலம் மாறாமல் இருந்தால் கரைசல் நல்லது, இந்தப் படியைத்தான் பலரும் தாண்டிவிடுகிறார்கள். பிறகு 8 சொட்டு யூரின், அதாவது அரை மி.லி. விட்டு இரண்டு நிமிடம் கொதிக்க வைத்து, ஆறவிட்டுப் பார்க்க வேண்டும். குழாயைச் சாய்த்துப் பிடித்து ஆட்டிக்கொண்டே சூடாக்க வேண்டும், வாய் யார் பக்கமும் இருக்கக் கூடாது. ஆடாமல் பிடித்தால் அடியில் கொதித்து மொத்தமும் குபீரென்று வெளியே தெறிக்கும். நீலம் என்றால் இல்லை, பச்சை என்றால் அரை சதவீதம் வரை, மஞ்சள் ஒரு சதவீதம் வரை, ஆரஞ்சு இரண்டு வரை, செங்கல் சிவப்பு அதற்கும் மேல். எட்டுச் சொட்டுக்குப் பதில் கைபோன போக்கில் இருபது சொட்டு விட்டால் எல்லோருக்கும் ஆரஞ்சுதான்.

சிக்கல் எங்கே என்றால், பெனடிக்ட் குளுக்கோஸை மட்டும் பார்ப்பதில்லை. செம்பை ஒடுக்கக்கூடிய எது இருந்தாலும் நிறம் மாறும். பால் கொடுக்கும் தாயின் யூரினில் வரும் லாக்டோஸ், பச்சிளங்குழந்தைக்கு வரும் காலக்டோஸ், வைட்டமின் சி எல்லாமே சிவக்க வைக்கும். ஸ்ட்ரிப்பில் இருப்பது குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி, அதற்குக் குளுக்கோஸைத் தவிர வேறு சர்க்கரை தெரியாது. அதனால் குழந்தைக்கு காலக்டோசீமியா (காலக்டோஸை உடம்பால் பயன்படுத்த முடியாத பிறவிக் கோளாறு) சந்தேகம் என்றால் ஸ்ட்ரிப் மட்டும் போதாது, பெனடிக்ட் வேண்டும். சர்க்கரை நோய்க்கு என்றால் ஸ்ட்ரிப்.

நெல்லிக்காய் விஷயம் இதில் வேடிக்கை. சர்க்கரைக்கு நல்லது என்று சொம்பு நிறைய நெல்லிச்சாறு குடித்தோ, வைட்டமின் சி மாத்திரை போட்டோ வருகிறவருக்கு, பெனடிக்டில் இல்லாத சர்க்கரை இருப்பதாகத் தெரியலாம். ஸ்ட்ரிப்பில் இருக்கிற சர்க்கரை குறைவாகத் தெரியலாம். வைட்டமின் சி அந்த நொதி வினையின் நிறத்தைக் கெடுத்துவிடும். டெஸ்டுக்கு முதல் நாள் இரண்டையும் நிறுத்தினால் போதும்.

ஸ்ட்ரிப்பைப் பாழாக்கும் வழிகளையும் சொல்லிவிடுகிறேன். மதுரை வெயிலுக்கு இது தேவை. பாட்டிலை 30 டிகிரிக்குக் கீழே, ஈரமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்தால் வெளியே எடுத்ததும் உள்ளே வியர்க்கும், ஆகாது. மூடிக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சியைக் குப்பை என்று தூக்கிப் போடாதீர்கள். ஒரு ஸ்ட்ரிப் எடுத்ததும் மூடியை இறுக மூட வேண்டும். முகாம்களில் பாட்டில் காலையிலிருந்து திறந்தே மேஜையில் கிடக்கும், மத்தியானத்துக்குள் பட்டைகள் நிறம் மங்கிவிடும். ஈரம்பட்ட ஸ்ட்ரிப் என்ன காட்டும் என்று யாரும் சொல்ல முடியாது.

யூரினை எடுத்து ஒரு மணி நேரத்துக்குள், மிஞ்சிப் போனால் இரண்டு மணிக்குள் பார்க்க வேண்டும். மேஜையில் கிடந்தால் பாக்டீரியா சர்க்கரையைத் தின்றுவிடும், இரண்டு பிளஸ் ஒரு பிளஸ் ஆகிவிடும். ஃப்ரிட்ஜில் வைத்த யூரினை அப்படியே தோய்த்தாலும் தப்பு. குளிரில் நொதி மந்தமாக வேலை செய்யும், அறைச் சூட்டுக்கு வரவிட்டுத் தோய்க்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய டப்பா எதிர்த்திசையில் ஏமாற்றும், சர்க்கரையே இல்லாத யூரினிலும் பிளஸ் வரும். ஊறுகாய் டப்பா, ஹார்லிக்ஸ் பாட்டில் இரண்டும் வேண்டாம். லேபில் கொடுக்கும் புது டப்பா போதும்.

தோய்க்கும்போது எல்லாப் பட்டையும் நனைய ஒரு விநாடி, உடனே வெளியே எடுத்து டப்பா விளிம்பில் இழுத்து வடித்து, ஓரத்தை டிஷ்யூவில் ஒற்றி, படுக்கை வாட்டில் பிடிக்க வேண்டும். நட்டுக்குத்தலாகப் பிடித்தால் ஒரு பட்டையின் ரசாயனம் அடுத்த பட்டைக்கு ஒழுகும். பல கம்பெனி ஸ்ட்ரிப்பில் குளுக்கோஸ் பட்டையை 30 விநாடியில் படிக்க வேண்டும். பத்து பேருடையதை வரிசையாகத் தோய்த்து வைத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்து முதல் ஆளிலிருந்து படித்தால், நேரம் ஆக ஆக நிறம் ஏறி எல்லோருக்கும் பிளஸ் கூடும். அந்தந்த பாட்டிலில் ஒட்டிய நிற அட்டையோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். ஒரு கம்பெனியின் இரண்டு பிளஸ் இன்னொன்றில் ஒரு பிளஸாக இருக்கலாம். ரிப்போர்ட்டில் பிளஸ்ஸோடு மி.கி. அளவையும் எழுதிக் கேளுங்கள்.

சீழ் அணு 4–6 பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். எரிச்சல், காய்ச்சல், அடிக்கடி போவது எதுவும் இல்லையென்றால் அதற்காக ஆன்டிபயாட்டிக் வேண்டாம்.


பரங்குன்றம்_75

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். மனைவிக்கு 26 வாரம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் யூரின் சர்க்கரை ஒரு பிளஸ் என்றார்கள். மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை, இரும்புச்சத்து, கால்சியம் மட்டும். இதுவும் கவலைப்பட வேண்டியதில்லையா?


கிராமச்_செவிலி

இது வேற கணக்கு தம்பி, மேலே எழுதியதை இதுக்குப் போடாதீங்க. கர்ப்பத்தில் சிறுநீரகம் வடிகட்டுவது பாதிக்குப் பாதி கூடிரும், திரும்ப உறிஞ்சுவது அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது. அதனால ரத்தச் சர்க்கரை சரியா இருக்கும்போதே ஒரு பிளஸ் வருவது சாதாரணம். ஆனா சாதாரணம்னு நீங்களா முடிவு பண்ணக் கூடாது, குளுக்கோஸ் குடிக்கிற டெஸ்ட்தான் சொல்லணும். தமிழ்நாட்டில் 2007லிருந்து எல்லாக் கர்ப்பிணிக்கும் இந்தப் பரிசோதனை உண்டு. முதல் முறை பதியும்போது ஒன்று, 24–28 வாரத்தில் இன்னொன்று. 26 வாரம்னா இப்பவே செய்ய வேண்டிய நேரம். முதல் தடவை சரியா இருந்துச்சேன்னு இரண்டாவதை விட்டுராதீங்க.

வெறும் வயிற்றோடு வரணும்னு கட்டாயம் இல்லை, சாப்பிட்டிருந்தாலும் பார்க்கலாம். 75 கிராம் குளுக்கோஸை 300 மி.லி. தண்ணியில் கலந்து 5 முதல் 10 நிமிடத்துக்குள் குடிச்சு முடிக்கணும். குடிக்க ஆரம்பிச்சதிலிருந்து சரியா 2 மணி நேரத்தில் ரத்தம். 140ம் அதுக்கு மேலும் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. அரை மணிக்குள் வாந்தி எடுத்துட்டா அந்த டெஸ்ட் செல்லாது, மறுநாள் திரும்பச் செய்யணும். அரை மணிக்கு அப்புறம்னா தொடரலாம். கொஞ்சம் எலுமிச்சை பிழிஞ்சா குமட்டல் குறையும். ரெண்டு மணி நேரமும் அங்கேயே உட்காரணும், இடையில் டீ, பருத்திப்பால்னு எதுவும் ஆகாது.

பாக்கெட்டில் ஒரு நுணுக்கம் இருக்கு. நீரில்லாத குளுக்கோஸ்னா 75 கிராம், மோனோஹைட்ரேட்னா 82.5 கிராம் எடுக்கணும். கடையில் வாங்குற பழச்சுவை குளுக்கோஸ் பவுடரைக் கொண்டு வராதீங்க, அதில் வேற சர்க்கரையும் கலந்திருக்கும்.

140ஐத் தாண்டினா முதலில் ரெண்டு வாரம் சாப்பாட்டு முறை மாற்றம். பிறகு சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்தில் 120க்குள் இருக்கான்னு பார்ப்பாங்க. இல்லைன்னா மெட்ஃபார்மினோ இன்சுலினோ டாக்டர் தொடங்குவார். பிரசவமாகி 6 வாரத்தில் திரும்ப ஒரு டெஸ்ட் உண்டு, அதைத்தான் பாதிப் பேர் மறந்துட்டுப் பச்சப்புள்ளை வேலையில் மூழ்கிருவாங்க. மேலே சொன்ன கிளிஃப்ளோசின் மாத்திரைகளைக் கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் தொடவே கூடாது.

எறும்பு பற்றி ஒரு வார்த்தை. பெரியவருக்கு மாத்திரையால் வருதுன்னா விடுங்க. அதே எறும்பு சின்னப் பிள்ளை யூரின் போன இடத்தில் மொய்ச்சா, படுக்கை நனைக்கிறதை விட்ட பிள்ளை திரும்ப நனைச்சா, சொம்பு சொம்பா தண்ணி குடிச்சுட்டு மெலிஞ்சுகிட்டே வந்தா, அன்னைக்கே விரலில் குத்தி ரத்தச் சர்க்கரை பாருங்க. திங்கக்கிழமை பார்த்துக்கலாம்னு தள்ளக் கூடாது. முதல் வகைச் சர்க்கரை நோய் பிள்ளையை ரெண்டு மூணு நாளில் படுக்க வெச்சுரும்.


மேலூர்ப்_பயல்

ரொம்ப நன்றிண்ணே, நன்றிக்கா. அம்மாகிட்ட சொல்லி இன்னைக்குச் சோறு வச்சாச்சு. இன்னும் ரெண்டு சந்தேகம். எங்க பெரியப்பாவுக்கு 74 வயசு, யூரின்ல எப்பவும் "இல்லை"ன்னுதான் வருது, அதனால ரத்தமே குடுக்க மாட்டேங்கிறாரு. அப்புறம் அந்த ஆவாரம்பூ?


நுண்ணோக்கி

பெரியப்பாவை முதலில் கூட்டிக்கொண்டு போங்கள். வயது ஏறினால் கலுங்கும் உயரும். ரத்தத்தில் 200ஐத் தாண்டியும் யூரினில் சொட்டுக்கூட வழியாத முதியவர்கள் உண்டு. "இல்லை" என்ற யூரின் ரிப்போர்ட் சர்க்கரை நோய் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. வெறும் வயிற்றில் 126, குளுக்கோஸ் குடித்து 2 மணியில் 200, ஹெச்பிஏ1சி 6.5, இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டால் இன்னொரு முறை பார்த்து உறுதி செய்ய வேண்டும். ரத்தச்சோகை இருந்தால் ஹெச்பிஏ1சியை மட்டும் நம்பாதீர்கள். ரத்தம் எடுப்பதைச் சாம்பல் நிற மூடிக் குழாயில் எடுக்கிறார்களா என்று கண் வையுங்கள். அதில்தான் ஃப்ளோரைடு இருக்கும். வேறு குழாயில் எடுத்து அப்படியே போட்டுவைத்தால் ரத்த அணுக்களே மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரையைத் தின்றுவிடும். கிராமத்தில் எடுத்து நாலு மணி நேரம் கழித்து மதுரைக்கு வந்து சேரும் ரத்தத்தில் 140 இருந்தது 110 ஆவது இப்படித்தான்.

இதற்கு நேர்மாறான ஆளும் உண்டு. மாத்திரை இல்லை, கர்ப்பம் இல்லை, ரத்தச் சர்க்கரை எல்லா நேரமும் சரி, ஆனால் யூரினில் பிளஸ். பிறவியிலேயே கலுங்கு தாழ்ந்தவர்கள். எஸ்எல்சி5ஏ2 என்ற மரபணுவில் மாற்றம், குடும்பத்தில் இன்னும் சிலருக்கும் இருக்கும். பெரும்பாலும் அதனால் தொந்தரவில்லை, சிகிச்சையும் வேண்டாம். ஆனால் அப்படி முத்திரை குத்தும் முன் பாஸ்பேட், பொட்டாசியம், பைகார்பனேட், யூரினில் புரதம் எல்லாம் பார்த்து நுண்குழாய் முழுசாகப் பழுதாகவில்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும். டெனோஃபோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு அப்படி ஆவதுண்டு.


மாத்திரைப்பட்டை

ஆவாரம்பூ: அப்பா டாபா சாப்பிடும் வரைக்கும் அமிர்தமே குடித்தாலும் நாலு பிளஸ் நாலு பிளஸ்தான். ஒரு வாரத்தில் பிளஸ் இறங்கினால் ஒன்று மாத்திரை நின்றிருக்கணும், இல்லை ஸ்ட்ரிப் கெட்டிருக்கணும். பூவைக் கூட்டு வைத்துச் சாப்பிடுவது அவர் இஷ்டம். மருந்து என்று சொல்லிப் பொட்டலத்தில் விற்கும் பொடியை மட்டும் வாங்காதீங்க, உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று அட்டையில் இருக்காது. வீட்டில் யூரின் ஸ்ட்ரிப் வாங்கி வைக்கவும் தேவையில்லை. அந்தக் காசுக்குக் குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் வாங்கி, வாரத்தில் இரண்டு நாள் வெறும் வயிற்றிலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி கழித்தும் பார்த்து நோட்டில் எழுதுங்க.


மேலூர்ப்_பயல்

சரிண்ணே. அடுத்த முகாம்ல திரும்பப் பயமுறுத்தாம இருக்க என்ன சொல்லணும்?


நுண்ணோக்கி

யூரின் டப்பாவைக் கொடுக்கும்போதே "டாபாகிளிஃப்ளோசின் 10 சாப்பிடுகிறார், கடைசி மாத்திரை இன்று காலை 8 மணி" என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். நிறுத்தி மூன்று நாள் ஆகியிருந்தாலும் எழுதுங்கள், பிளஸ் உடனே மறையாது. பெயரை டப்பாவின் மேல் எழுதுங்கள், மூடியில் எழுதினால் மேஜையில் மூடிகள் மாறிவிடும்.